புதுப்பிப்பு: கொட்டியாரக் குடா (திருகோணமலை) மீன் கணக்கு

ஜூலையை விட ஜனவரியில் மீன் வகைகள் குறைவு, குடா வெறுமையாகிறது என்று முன்பு புலம்பியிருந்தேன் அல்லவா, அதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். மாரி மழையில் மகாவலி ஆற்றுத் தண்ணீர் குடாவில் இறங்கி மேல்நீரின் உப்பைக் குறைக்கிறது, சில மீன்கள் விலகத்தானே செய்யும். அதைவிடப் பெரிய பிழை என்னுடையது: ஜூலையில் எண்ணியது கரைவலை (கரையிலிருந்து இழுக்கும் சின்னக் கண் வலை) மீன், ஜனவரியில் பெரிய கண் வலையில் பட்டது, காரல் மாதிரிச் சின்ன மீனெல்லாம் நழுவியிருக்கும். மூதூர் மீன்காரக் காக்கா (அண்ணன்) ஒருவர் சிரித்துவிட்டு, "வலைய மாத்திப்போட்டு கடலக் குறை சொல்லாத தம்பி" என்றார். சரி, இனி ஒரே வலை, ஒரே இடம், மாதாமாதம்.

அப்புறம், ஓரா மீனை எண்ணும்போது அதன் நச்சு முதுகு முள் விரலில் ஏறிவிட்டது. தாங்கக்கூடிய சுடுதண்ணீரில் கையை வைத்த பிறகுதான் கடுப்பு அடங்கியது. பக்கத்துத் தம்பலகாமக் குடாவின் மீன் கணக்கு இன்னும் எழுதவில்லை.