சம்பளம் ஏறியது, சீட்டு நின்றது: உங்கள் வீட்டில் எப்படி?

விழுப்புரத்திலிருந்து ஒரு ஆசிரியை:

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது என் பழைய கணக்கு நோட்டுகள் கிடைத்தன. 2004-இல் கல்யாணமான மாதத்திலிருந்து எழுதி வருகிறேன். அப்பா பழக்கிவிட்டது. பெயின்டர்கள் வேலை முடித்துக் கிளம்பிய பிறகும் திண்ணையில் உட்கார்ந்து படித்துக்கொண்டே இருந்தேன். ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது, அதனால் எழுதுகிறேன்.

2005 ஜூன் பக்கம் இது. வாடகை 700. அரிசி 25 கிலோ 350. பால் 210. பஸ் 180. அப்பாவுக்கு 500. சீட்டு 500. அப்போது பட்டதாரி ஆசிரியையான எனக்குத் தொகுப்பூதியம், அதாவது மாதாமாதம் ஒரே நிலையான தொகை. அந்த வருடங்களில் அரசுப் பள்ளியில் சேர்ந்தவர்களுக்கு மறந்திருக்காது: இடைநிலை ஆசிரியருக்கு 3,000, பட்டதாரி ஆசிரியருக்கு 4,000, முதுகலை ஆசிரியருக்கு 4,500. டி.ஏ. (அகவிலைப்படி) கிடையாது, இன்கிரிமென்ட் கிடையாது. வீட்டுக்காரருக்கு விதைக் கடையில் 3,000. இந்த ஏழாயிரத்தில் மாதம் 500 ரூபாய் சீட்டு கட்டியிருக்கிறேன். ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

2006 ஜூன் 1 முதல் எங்களைக் காலமுறை ஊதியத்துக்கு, அதாவது டி.ஏ.வும் இன்கிரிமென்ட்டும் உள்ள வழக்கமான அரசுச் சம்பளத்துக்குக் கொண்டுவந்தார்கள். சம்பளம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிப் பத்தாயிரத்தைத் தாண்டியது. அந்த முதல் சம்பளம் வந்த அன்று ஸ்டாஃப் ரூமில் கண்கலங்கியவர்கள் உண்டு. நானும்தான். சீட்டை 2,000 ஆக்கினேன். நோட்டில் அந்தப் பக்கத்தில் பேனாவை அழுத்தி எழுதியிருப்பது இப்போதும் தெரிகிறது.

அப்புறம் 2011 ஆகஸ்ட். சீட்டு என்று எழுதி, நேராக "அடுத்த மாதம்" என்று போட்டிருக்கிறேன். செப்டம்பரிலும் "அடுத்த மாதம்". அக்டோபரிலும் அதே. நவம்பரில் அந்த வரியே இல்லை. அதற்குப் பிறகு எட்டு வருட நோட்டுகளில் சீட்டு என்ற சொல் வரவில்லை. அத்தனை வருடமும் சம்பளம் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

எங்கே போனது என்று பக்கம் பக்கமாகத் தேடினேன். ஊதாரித்தனம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. நகைக்கடைக்கு ஓடவில்லை, ஊர் சுற்றவில்லை. 2010-இல் வீட்டுக்கடன் வாங்கிக் கட்டினோம். வீடு கட்டியது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வீட்டுக்குப் பின்னால் வந்தவை இருக்கின்றனவே! வாடகை வீட்டில் இரும்புக் கட்டிலும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் போதுமாக இருந்தன. புது ஹாலில் அதே நாற்காலிகளைப் போட்டபோது அத்தை, "ஏம்மா, நாலு பேர் வந்து போற இடம்" என்றார். சோஃபா வந்தது. அடுத்தடுத்து இன்வெர்ட்டர், தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின், அந்த மெஷினுக்கு வருடாவருடம் சர்வீஸ். மகளைப் பக்கத்துப் பள்ளியிலிருந்து மெட்ரிக் பள்ளிக்கு மாற்றினோம். ஃபீஸைக் கணக்குப் பார்த்துத்தான் சேர்த்தோம். வேன், இரண்டு வகை ஷூ, ஆண்டு விழா உடை, தோழிகளின் பிறந்தநாள் பரிசு ஆகியவற்றைக் கணக்கில் எடுக்கவில்லை.

2017 அக்டோபரில் ஏழாவது ஊதியக்குழு சம்பளம் வந்தது. அதற்கு மாதக்கணக்கில் முன்பே எங்கள் பள்ளியில் எல்லார் வாயிலும் 2.57 என்ற எண்தான். பழைய அடிப்படைச் சம்பளத்தை 2.57-ஆல் பெருக்கிப் பெருக்கி நோட்டின் பின்பக்கம் நிறைந்துவிட்டது. ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்த டி.ஏ.வும் அந்த 2.57-க்குள்தான் அடங்கியிருக்கிறது என்பது கணக்கு வாத்தியாருக்கே தெரிந்திருந்தும் மனம் ஏற்கவில்லை. 125 சதவீத டி.ஏ.வோடு பழைய சம்பளமே 2.25 மடங்கு, அதிலிருந்து 2.57 என்றால் கூடுவது 14 சதவீதம். ஆணை 2016 ஜனவரியிலிருந்து கணக்கிட்டாலும், பணப்பயன் 2017 அக்டோபரிலிருந்துதான். நிலுவைத் தொகை கிடையாது. நாங்களோ ஆகஸ்டிலேயே காருக்கு முன்பணம் கட்டிவிட்டோம்.

கைக்குக் கூடுதலாக வந்தது 7,000-த்துக்குச் சற்றுக் குறைவு. கார் தவணை 7,200.

மறு வருடம் ஏ.சி. போட்டோம். மகளால் வெயிலில் படிக்க முடியவில்லை. நம் கரண்ட் பில் எப்படி ஏறும் என்று அன்றுதான் தெரிந்தது. அப்போதைய கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் 1,130 ரூபாய். 501 யூனிட் ஆனால் 1,786. ஒரே ஒரு யூனிட்டுக்கு 650 ரூபாய்க்கு மேல், ஏனென்றால் 500-ஐத் தாண்டியவுடன் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விலை மாறிவிடும். எங்கள் வீட்டுச் செலவு முழுவதுமே இந்த மாதிரிதான் ஏறியிருக்கிறது என்று கரண்ட் அட்டையைப் பார்த்தபோது தோன்றியது. புதிதாக வந்த ஒரு பொருள், ஏற்கெனவே இருந்தவற்றின் விலையையும் சேர்த்து ஏற்றிவிடுகிறது.

உங்கள் வீடுகளில் எப்படி நடந்தது? எந்த இடத்தில் கவனித்தீர்கள்?

திருப்பூர், பனியன் கம்பெனி டெய்லர்:

டீச்சர், உங்களுக்கு மாதச் சம்பளம். எங்களுக்குச் சனிக்கிழமைச் சம்பளம். சீசன் நல்லா இருந்தால் ஒன்றரை ஷிப்ட் ஓடும், அவசர ஆர்டர் என்றால் ராத்திரியும் மெஷினில்தான். அப்படி ஒரு சீசனில் தொடர்ந்து நாலு மாதம் நல்ல கூலி. எங்களுக்கு வருமானமே அவ்வளவுதான் என்று முடிவு பண்ணிவிட்டோம். பைக் தவணையில் எடுத்தோம், லைன் வீட்டை விட்டுத் தனி வீட்டுக்குப் போனோம்.

ஆர்டர் குறைந்து ஒரு ஷிப்ட் ஆனது. சில வாரம் நாலு நாள்தான் வேலை. பைக் தவணை அரை ஷிப்ட் ஆகவில்லை. வாடகையும் ஆகவில்லை. பழைய லைன் வீட்டுக்கே போய்விடலாம் என்று சொன்னேன். வீட்டம்மா ஒன்றும் பேசவில்லை. பையன்தான், "அப்பா, அங்க பாத்ரூமுக்கு வரிசையில நிக்கணுமே" என்றான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. வட்டிக்கு வாங்கி ஓட்டினேன். அந்த வட்டியை அடைக்க அடுத்த சீசன் முழுக்கப் போனது.

இப்போது நான் செய்வது ஒன்றுதான். ஒரு ஷிப்ட் கூலிக்குள் வாடகை, மளிகை, தவணை எல்லாம் அடங்கவேண்டும். ஓ.டி. (ஷிப்டுக்கு மேல் பார்க்கும் வேலை) காசு தனி டப்பா. தீபாவளி போனஸும் அந்த டப்பாவில்தான்.

சென்னை, மென்பொருள் துறை:

ஏப்ரலில் சம்பள உயர்வுக் கடிதம் வந்தது. ஜூனில் பெருங்களத்தூரிலிருந்து துரைப்பாக்கத்துக்கு மாறினேன். வாடகை 9,000 கூடியது. தினமும் இரண்டு மணி நேரம் மிச்சம், அதற்கு அது தகும் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் சமைக்கலாம் என்றுதானே நினைத்தோம்? வாரத்தில் நாலு நாள் சாப்பாடு வெளியிலிருந்து வருகிறது. பழைய ஏரியாவில் கதவைத் தட்டிக் கொடுக்க யாரும் கிடையாது.

தஞ்சாவூர், பொருளியல் விரிவுரையாளர்:

ஆசிரியையின் 2005 பக்கத்தில் முதலில் வருவது வாடகை, அரிசி, பால். 2017-இல் தவணைகளும் ஃபீஸும். இதை எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் 1857-லேயே குடும்பக் கணக்குகளை வைத்துக் காட்டிவிட்டார்: வருமானம் ஏற ஏற, செலவில் உணவின் பங்கு குறையும். நம் நாட்டுக் கணக்கெடுப்பிலும் அதுதான். 1999-2000-இல் கிராமத்துக் குடும்பச் செலவில் உணவுக்குப் போனது 59 சதவீதம். 2023-24-இல் 47. நகரத்தில் 48-லிருந்து 40-க்கு அருகில் வந்துவிட்டது.

வகுப்பில் இதை முன்னேற்றத்தின் அடையாளம் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறேன், அது உண்மையும்கூட. ஆனால் டெய்லர் சொன்னதைப் படித்த பிறகு இன்னொன்றும் சொல்லவேண்டும் என்று படுகிறது. அரிசி வாங்குவதை அந்த வாரமே குறைக்க முடியும். பொன்னிக்குப் பதில் ரேஷன் அரிசி பொங்கலாம். தவணையை அப்படிக் குறைக்க முடியாது. உணவிலிருந்து விலகி வந்த பணம் பெரும்பாலும் நாம் கை வைக்க முடியாத இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.

மதுரை, செவிலியர்:

எல்லாரும் வருத்தத்தோடு எழுதியிருப்பதால் இதைச் சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். என் அம்மா சித்தாள் வேலைக்குப் போனவர். எனக்கு நிரந்தர வேலை கிடைத்த முதல் வருடத்தில் எங்கள் வீட்டுச் செலவு மூன்று மடங்கானது. அம்மாவுக்குப் பல் கட்டினோம். ஆறு வருடமாக ஒரு பக்கம் மட்டும் மென்று சாப்பிட்டிருக்கிறார், எங்களுக்கே தெரியாது. வீட்டோடு கக்கூஸ் கட்டினோம். தம்பியை நின்றுபோன படிப்பில் திரும்பச் சேர்த்தோம். கட்டிய அன்றிரவு அம்மா இரண்டு தடவை எழுந்து போய் அந்த பாத்ரூம் லைட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தார். அந்த வருடம் நான் ஒரு ரூபாய் சேர்க்கவில்லை. அந்தச் செலவு ஏறியதற்காக நான் என்றைக்கும் வருத்தப்பட மாட்டேன். அது ஏற்கெனவே செய்திருக்க வேண்டிய செலவு.

விழுப்புரம் ஆசிரியை மறுபடியும்:

மதுரைத் தங்கை எழுதியதைப் படித்துவிட்டு நோட்டை மறுபடி எடுத்தேன். நீங்கள் சொல்வது சரி. 2006-இல் நானும் முதலில் செய்தது அப்பாவின் கண் ஆபரேஷன். அதையும் சோஃபாவையும் ஒரே தட்டில் வைத்து எழுதியிருக்கக் கூடாது.

எட்டு வருடம் சீட்டு இல்லை என்றேன், அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவில்லை. 2019 கடைசியில் கொஞ்சமாகத் தொடங்கினேன். அடுத்த வருடம் கொரோனா. டி.ஏ. நிறுத்தி வைத்தார்கள். எங்களுக்கு 17 சதவீதத்திலேயே நின்றது. அந்த மாதங்களில்தான் கவனித்தேன், புதிதாக எதுவும் வீட்டுக்குள் வரவில்லை, ஆனால் எதுவும் குறையவும் இல்லை. 2022 ஜனவரியிலிருந்து 31 என்று அறிவித்தார்கள். ஒரேயடியாகப் 14 சதவீதம்.

அறிவிப்பு வந்த அன்றிரவு வீட்டுக்காரரிடம், "ஏங்க, இது வர்றதுக்கு முன்னாடியே ஒதுக்கிடலாம்" என்றேன். ஹாலுக்கு டைல்ஸ் மாற்றவேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த நேரம். கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, பாதி" என்றார். மறுநாள் மத்தியானம் பள்ளியில் பர்மிஷன் போட்டுவிட்டுப் போஸ்ட் ஆபீஸுக்குப் போய் மாதாமாதம் கட்டும் ஐந்து வருட ஆர்.டி. சேமிப்பு தொடங்கினேன். மீதிப் பாதியில் டைல்ஸ் வந்தது, நன்றாகவே இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு டி.ஏ. உயர்விலும் அதே பாதிக்குப் பாதி. இரண்டு தடவை தவறினோம்: ஒன்று மகளின் கல்லூரிச் சேர்க்கை, இன்னொன்று அத்தையின் ஆஸ்பத்திரிச் செலவு. நோட்டில் அந்த மாதங்களில் "அடுத்த மாதம்" என்று எழுதவில்லை. என்ன காரணம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.