பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்குப் புரையேறுகிறது: மூக்கு டியூபை எப்போது எடுக்கலாம்?

மதுரைமகள்:
அப்பாவுக்கு 67 வயது. பக்கவாதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. வலது கை கொஞ்சம் தேறிவிட்டது. ஆனால் சாப்பாடு இன்னும் மூக்கு டியூபில்தான். பேச்சு என்றால் "வா வா" மட்டும்தான், எதைக் கேட்டாலும். நேற்று ஜாடையில் கெஞ்சினார் என்று ஒரு மடக்கு காபி கொடுத்துவிட்டேன். இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. அப்புறம் குரலும் கொளகொளவென்று இருந்தது. விழுங்குவதற்குப் பயிற்சி இருக்கிறது என்று டிஸ்சார்ஜ் அன்று யாருமே சொல்லவில்லை. அப்பா இனி வாயால் சாப்பிடுவாரா?

கோவை ஸ்பீச் தெரபிஸ்ட்:
அம்மா, அந்தக் கொளகொள குரலைக் கவனித்தது நல்லது. காபி குரல்வளைப் பக்கம் தேங்கியிருக்கலாம். காய்ச்சலோ மூச்சிரைப்போ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சிலருக்கு இருமலே வராமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும், அதனால் வீட்டில் கொடுத்துப் பார்க்கவே வேண்டாம். எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் என்ற பொருளை உணவில் கலந்து விழுங்கவைத்து எக்ஸ்ரே வீடியோ எடுப்பார்கள், அல்லது மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டுப் பார்ப்பார்கள். எங்கே தடுமாறுகிறது என்று தெரிந்தால்தான் முகவாயைத் தாழ்த்தி விழுங்குவதா, தலையைத் திருப்பி விழுங்குவதா என்று முடிவு செய்ய முடியும். தண்ணீர், காபியெல்லாம் தொண்டையில் வேகமாக ஓடிவிடும். அதனால் பலருக்குப் பவுடர் கலந்து கெட்டியாக்கிக் கொடுப்போம். எவ்வளவு கெட்டி என்பதற்கும் அளவு உண்டு: 10 மி.லி. சிரிஞ்சில் ஊற்றி 10 விநாடி ஒழுகவிட்டு, மிச்சம் எவ்வளவு என்று பார்ப்போம்.

நெல்லைச்செல்வி:
தங்கச்சி, எங்கள் அம்மாவுக்கும் இதேதான். டியூப் எடுக்க நாலு மாதம் ஆனது. முதலில் தயிர், அதுவும் அரை ஸ்பூன், நிமிர்ந்து உட்காரவைத்து. ஒவ்வொரு வாய்க்கும் இரண்டு தடவை விழுங்கச் சொன்னார்கள். டியூப் இருக்கிறதே என்று வாய் சுத்தத்தை மட்டும் விட்டுவிடாதே. எச்சிலோடு கிருமி இறங்கினாலும் நிமோனியா வரும். "தண்ணி" என்று சொல்ல வராத அம்மா, சாயங்காலம் விளக்கேற்றும்போது நான் பாடிய பாட்டில் இரண்டு வரி கூடவே பாடினார்கள். நான் அழுதேவிட்டேன்.

கோவை ஸ்பீச் தெரபிஸ்ட்:
உண்மைதான். சொல்ல நினைத்த சொல் வராதவர்களுக்கும் பாட்டு, எண்ணிக்கை, கிழமைப் பெயர் மாதிரி பழகிய வரிசைகள் வரலாம். அதைப் பிடித்துக்கொண்டுதான் பல நேரம் பேச்சுப் பயிற்சியைத் தொடங்குவோம்.

மதுரைமகள்:
வியாழக்கிழமை பரிசோதனைக்கு நேரம் வாங்கிவிட்டேன். இன்று காலை, தலையை நிமிர்த்திவைத்து, பிழிந்த ஈரத்துணியால் வாயைத் துடைத்துக்கொண்டே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். துணியை எடுத்ததும் அப்பா "நாலு, அஞ்சு" என்றார்.