விருந்தினர் வந்த பிறகு சொந்த நாடு புதிதாகத் தெரிவது ஏன்?

கேள்வி:
வெளிநாட்டிலிருந்து வந்த கிறிஸ்தவ நண்பர்கள் இருவர் பத்து நாள்களாக எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறார்கள். நான் நாள்தோறும் பார்த்தும் பாராமல் கடந்துபோன மலையின் முன் நின்று அவர்கள், மலைகளை நோக்கிக் கண்களை ஏறெடுப்பதாகத் தொடங்கும் 121ஆம் சங்கீதத்தை மெல்லச் சொன்னபோது, இத்தனை ஆண்டுகள் எதைத்தான் பார்த்தேன் என்று மனம் கலங்கியது. அவர்கள் சென்ற பின்பும் இந்தப் பார்வையைக் காப்பது எப்படி? பிறந்த நாட்டின்மேல் இவ்வளவு பற்று வைப்பது விசுவாசத்திற்குப் பொருந்துமா என்ற தயக்கமும் எனக்கு உண்டு.

மறுமொழி 1:
எபிரெயர் 13:2இல் உபசரிப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'பிலோக்செனியா'. அதன் நேர்ப்பொருள் அந்நியர்மேல் அன்பு. லூக்கா 24இல் எம்மாவு என்னும் ஊருக்குச் சென்ற சீஷர்கள், வழியில் சேர்ந்துகொண்டவரை, உயிர்த்தெழுந்த இயேசு என்று அறியாமலே, வருந்தி அழைத்துத் தங்கவைத்தார்கள். அவர் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோது திறக்கப்பட்டவை அழைத்தவர்களின் கண்களே. உங்களுக்கு நேர்ந்ததும் அதைச் சார்ந்ததுதான் என்று நினைக்கிறேன். தயக்கத்தைப் பொறுத்தவரை, யூதர்கள் சிறைப்பட்டுச் சென்ற பாபிலோனின் சமாதானத்தையே தேடி, அதற்காக ஜெபிக்கும்படி எரேமியா 29:7 சொல்லும்போது, பிறந்த மண்ணை நேசிக்க ஏன் அஞ்ச வேண்டும்?

மறுமொழி 2:
அவர்கள் கேட்கும் கேள்விகளை அன்றன்றே எழுதிவையுங்கள், குறிப்பாக உங்களுக்கு விடை தெரியாதவற்றை. நாட்டின் குறைகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். சேர்ந்து ஜெபிக்க அவை உதவும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அந்த மலையின் பெயர்க்காரணத்தை நேற்று கேட்டார்கள், எனக்குத் தெரியவில்லை. குறிப்பேட்டின் முதல் வரி அதுதான்.