சர்க்கரையை வைத்துப் பாக்டீரியாவுக்குச் சொந்தம் தேடிய கதைகள்

கரிசல்காட்டான்:
ஆய்வில் சேர்ந்து இரண்டாம் வருடம். மண்ணிலிருந்து பிரித்த ஓர் ஆக்டினோமைசீட் (பூஞ்சை மாதிரி இழையிழையாக வளரும் பாக்டீரியா வகை) கையில் இருந்தது. செல்சுவரில் மெசோ டேப் என்ற அமினோ அமிலம் இருப்பது தெரிந்துவிட்டது, அடுத்து செல்லில் என்ன சர்க்கரை என்று பார்க்க வேண்டும். அரபினோஸும் கேலக்டோஸும் சேர்ந்து வந்தால் நோகார்டியா என்ற பேரினத்தின் பக்கத்துச் சொந்தம். மடுரோஸ் என்ற சர்க்கரை வந்தால் ஆக்டினோமடூரா என்ற பேரினத்தின் பக்கம்.

உலர்த்திய செல்லை நீர்த்த கந்தக அமிலத்தில் போட்டு, கொதிநீரில் இரண்டு மணி நேரம் வைத்தேன். பேரியம் ஹைட்ராக்சைடு விட்டு அமிலத்தை முறித்து, சர்க்கரைகளைத் தனித்தனிப் புள்ளியாகப் பிரிக்கும் செல்லுலோஸ் டிஎல்சி தட்டில் புள்ளி வைத்து ஓட்டினேன். புள்ளிகளுக்கு நிறம் தரும் அனிலின் தாலேட் தெளித்து ஓவனில் வைத்தால் சில நிமிடம்தான். அரபினோஸ், சைலோஸ் எல்லாம் மருதாணிச் சிவப்பில் எழும்; கேலக்டோஸ், குளுக்கோஸ் மஞ்சள் பழுப்பில். என் தடத்தில் கேலக்டோஸ் தடித்துக் கிடந்தது. அரபினோஸ் வரவேண்டிய உயரத்தில் ஏதோ நிழல் மாதிரி. ஆசை யாரை விட்டது? ‘நோகார்டியா’ என்று நோட்டில் எழுதியும் விட்டேன்.

சீனியர் அக்கா தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “எதுல வளர்த்த?”

அகார் கூழில். அதுவும் பிளேட்டிலிருந்து அழுத்திச் சுரண்டியது. அகாரே கேலக்டோஸ் கோத்த சங்கிலி என்று பரீட்சையில் எழுதியவன் நான்! மறுபடி திரவ ஊடகத்தில், ஷேக்கரில் வளர்த்து, நன்றாகக் கழுவிச் செய்தேன். கேலக்டோஸ் காணோம், நிழலும் காணோம். பிறகு 16எஸ் வரிசை (பாக்டீரியாவின் சொந்தம் காட்டும் மரபணு வரிசை) பார்த்தபோது நோகார்டியாப்சிஸ் என்ற வேறொரு பேரினம் என்று வந்தது.

வைகைக்கரை:
தம்பி, அந்த நோகார்டியாப்சிஸே ஒரு காலத்தில் ஆக்டினோமடூரா வீட்டில் இருந்ததுதான். மடுரோஸ் இல்லையென்று 1976-ல் தனிக்குடித்தனம் வைத்தார்கள்.

எனக்கு இந்தச் சர்க்கரை மேல் ஊர்ப்பாசம். 1842-ல் மதுரையில் ஜான் கில் என்ற மருத்துவர் விவரித்த கால்நோய்க்கு ‘மதுரா கால்’ என்று பெயர் விழுந்தது. அதே நோயிலிருந்து 1894-ல் வின்சென்ட் அல்ஜீரியாவில் பிரித்த கிருமிக்கு ‘மடூரே’ என்று பெயர். அதன் செல்லில் கிடைத்த சர்க்கரை மடுரோஸ்: கேலக்டோஸின் மூன்றாம் கரிமத்து ஆக்சிஜனில் ஒரு மெத்தில் ஒட்டியது, அவ்வளவுதான். அதனால் தட்டில் கேலக்டோஸைத் தாண்டி மேலே ஏறும், நிறம் மட்டும் மஞ்சளாகவே இருக்கும். 1970-ல் லெச்செவாலியர் தம்பதி நோகார்டியாவிலிருந்து இந்தக் கூட்டத்தைப் பிரித்து ஆக்டினோமடூரா என்ற பேரினம் அமைத்தார்கள். முதல்முறை அந்தப் புள்ளியைப் பார்த்தபோது எங்கள் ஊர் பஸ்ஸைப் பார்த்த மாதிரி இருந்தது.

பழைய பிப்பெட்:
பாசம் சரி, ரொம்ப நம்பிவிடாதீர்கள். ஆடுமாடுகளுக்குத் தோல்நோய் தரும் டெர்மட்டோஃபிலஸிலும் மடுரோஸ் உண்டு. அதை நம்பி நான் உறவுமுறைப் படம் வரைந்து வைத்திருந்தேன். 16எஸ் பார்த்தால் அது மைக்ரோகாக்கஸ் பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறது. மடுரோஸே இல்லாத உங்கள் நோகார்டியாப்சிஸ்தான் ஆக்டினோமடூராவுக்குக் கிட்டத்துச் சொந்தம். இப்போதெல்லாம் முதலில் வரிசை பார்த்துவிட்டு, அப்புறம்தான் சர்க்கரைக்கு வருகிறேன்.

கரிசல்காட்டான்:
@வைகைக்கரை அக்கா, ஒப்பிட்டுப் பார்க்க மடுரோஸ் ஸ்டாண்டர்டு எங்கே வாங்குவீர்கள்?

வைகைக்கரை:
எங்கே வாங்குவது! மடூரே செல்லையே கொதிக்கவைத்து, பக்கத்துத் தடத்தில் ஓட்டுவேன். அகாரில் வளர்க்காமல்.