விவியன் மேயர் படங்கள்: பாராட்டு யாருக்கு?

சதுரச்சட்டம்:
தெரியாதவர்களுக்காக: விவியன் மேயர் சிகாகோவில் சுமார் 40 ஆண்டுகள் பணக்கார வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டபடியே தெருவில் படம் எடுத்தவர். வாடகை பாக்கியால் அவருடைய கிடங்குச் சாமான்கள் 2007இல் ஏலத்துக்கு வந்தன. ஜான் மலூஃப் என்ற இளைஞர் ஒரு பெட்டி நெகட்டிவ்களைச் சுமார் 400 டாலருக்கு வாங்கினார். 2009இல் மேயர் இறந்தார். அந்த ஆண்டேதான் படங்கள் இணையத்தில் பரவின. அவர் எடுத்தவை மொத்தம் ஒரு லட்சத்துக்கும் மேல். சதுரப் படம் தரும் ரோலிஃப்ளெக்ஸ் கேமராவை வயிற்றருகே பிடித்து எடுத்ததால் ஆட்களைச் சற்றுக் கீழிருந்து பார்க்கிறோம். தெருவோரம் நிற்பவர்கூட நிமிர்ந்து தெரிகிறார். மேதை என்று சொல்ல என்ன தயக்கம்?

மஞ்சள்ஃபில்டர்:
எனக்குத் தயக்கம்தான். லட்சத்தில் சில நூறைப் பொறுக்கியது யார்? அவரே போட்ட பிரிண்ட்கள் பலவற்றில் சதுரத்தை வெட்டியிருக்கிறார். நமக்குக் காட்டுவதோ முழுச் சதுரம். இதில் பாதி பாராட்டு பொறுக்கியவருக்குப் போகிறது.

சதுரச்சட்டம்:
அமெரிக்கத் தெருப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட் 1984இல் இறந்தபோது கழுவாத ஃபிலிம் ரோல் மட்டும் சுமார் 2,500 இருந்தது. அவரை யாரும் இப்படிக் கேட்பதில்லை. மேயர் ஆயா என்பதால்தானே கேட்கிறோம்?

மஞ்சள்ஃபில்டர்:
ஆயாவா டாக்டரா என்பது எனக்குப் பொருட்டில்லை. வினோகிராண்ட் இருக்கும்போதே புத்தகம் போட்டார், கண்காட்சி வைத்தார். எது தன் படம் என்று காட்டிவிட்டுப் போனார். மேயர் கழுவிக்கூடப் பார்க்காத ரோல்கள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. காட்ட விரும்பாதவர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டோமோ என்று தோன்றுகிறது.

பழைய ஸ்டுடியோ:
தம்பிகளா, நான் ரோலிஃப்ளெக்ஸ் மாதிரியே இருக்கும் யாஷிகா 635 கேமராவில் கல்யாணம் எடுத்தவன். ரோலுக்கு 12 படம்தான். மேலிருந்து குனிந்து பார்த்தால் இடம் வலமாகத் தெரியும். நடந்து போகிறவரைப் பிடிக்கப் போய்க் கேமராவை எதிர்ப்பக்கம் திருப்பித் தொலைப்போம். இந்த அம்மா கூட்டத்தின் நடுவே பெரும்பாலும் ஆளுக்கு ஒரே கிளிக்கில் முடித்திருக்கிறார். அடுத்த ஃபிரேமில் வேறு ஆள், வேறு தெரு. பிறகு உட்கார்ந்து பொறுக்குகிறவர் அந்தக் கையைக் கொடுத்துவிட முடியுமா?

சதுரச்சட்டம்:
காட்ட விரும்பாதவர் என்பதும் சரியில்லை. தாயின் ஊர்ப்பக்கம், பிரான்சில் ஒரு ஸ்டுடியோக்காரருக்குத் தன் படங்களை அஞ்சலட்டையாகப் போடுவது பற்றி எழுதியிருக்கிறார்.

பழைய ஸ்டுடியோ:
கழுவாத கதைக்கும் காரணம் உண்டு. 1956இலிருந்து ஏறத்தாழ 16 ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தார். அங்கே அவருக்குத் தனிக் குளியலறை, அதுதான் இருட்டறை. அந்த வேலை போனபின் வீடு வீடாக மாறினார். ரோல்களும் சேர ஆரம்பித்தன. இடம் இல்லாமல், கையில் காசும் இல்லாமல் என்ன செய்வார்?

மஞ்சள்ஃபில்டர்:
குளியலறை விஷயம் எனக்குப் புதிது சார். கழுவாத ரோல் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். வெட்டிய விஷயத்தை விடமாட்டேன். அவர் போட்ட பிரிண்டையும் இவர்கள் போட்ட சதுரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டட்டும், அப்புறம் பேசலாம்.