ஸ்லீப்பில் போட்ட கணினி நள்ளிரவில் தானாக எழுந்துகொள்கிறது, எழுப்புவது எது?

கயல்:
வணக்கம். விண்டோஸ் 10 உள்ள டெஸ்க்டாப். ராத்திரி ஸ்லீப்பில் போட்டுவிட்டுப் படுத்தால் கொஞ்ச நேரத்தில் ஃபேன் சத்தம், கண்ணைத் திறந்தால் அறை முழுக்க மானிட்டர் வெளிச்சம். ஒரு வாரமாக இப்படித்தான். அதே அறையில் கைக்குழந்தை தூங்குகிறது. ஷட்டவுன் செய்ய மனமில்லை, பாதியில் விட்ட வேலை அப்படியே திறந்திருக்க வேண்டும். வயர்லெஸ் மவுஸ், வயர் கீபோர்டு, நெட்வொர்க் கேபிளும் செருகியிருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் மவுஸைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் கணினியை எழுப்ப அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிட்டேன். ஒரு மாற்றமும் இல்லை.

முகில்:
ஊகிக்க வேண்டாம், கணினியையே கேட்டுவிடலாம். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பவர்சிஎஃப்ஜி கமாண்டை லாஸ்ட்வேக் என்ற ஆப்ஷனுடன் ஓட்டுங்கள். கடைசியாக எழுப்பியது எது என்று வரும். அப்புறம் டிவைஸ்குவரி, வேக்_ஆர்ம்ட் என்று கொடுத்தால், எழுப்பும் அனுமதி இப்போது எதற்கெல்லாம் இருக்கிறது என்ற பட்டியல் கிடைக்கும். இரண்டையும் இங்கே போடுங்கள்.

கயல்:
முதலாவதில் யூஎஸ்பி எக்ஸ்ஹெச்சிஐ கன்ட்ரோலர் என்று மட்டும் வருகிறது. பட்டியலில் ஈதர்நெட் கார்டு ஒன்று, ஹெச்ஐடி கீபோர்டு இரண்டு. மவுஸ் இல்லை. என்னிடம் இருப்பது ஒரே கீபோர்டுதானே அண்ணா?

முகில்:
எக்ஸ்ஹெச்சிஐ என்பது யூஎஸ்பி போர்ட்டுகளை நடத்தும் பகுதி, அதாவது எழுப்பியது யூஎஸ்பியில் செருகிய ஏதோ ஒன்று. ஹெச்ஐடி என்றால் கீபோர்டு, மவுஸ் போன்ற சாதன வகை. அந்த இரண்டாவது கீபோர்டுதான் பிடி. வயர்லெஸ் மவுஸுக்காக யூஎஸ்பி போர்ட்டில் செருகும் ரிசீவர்கள் பல, மவுஸாகவும் கீபோர்டாகவும் ஒரே நேரத்தில் தங்களைப் பதிவுசெய்துகொள்ளும்.

ஸ்லீப்பில், அதாவது எஸ்3 நிலையில், சிபியு நின்றுபோயிருக்கும். மெமரிக்கும், எழுப்பக்கூடிய சில பகுதிகளுக்கும் மட்டும் மின்சாரம் போகும். அந்த நேரத்தில் எழுப்பலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்காது. அதனால் தூங்கப் போகும் முன்பே ஒவ்வொரு சாதனத்துக்கும் அனுமதியை எழுதிவைத்துவிட்டுத்தான் போகும். யூஎஸ்பியில் இதற்குப் பெயர் ரிமோட் வேக்கப். யூஎஸ்பி 2.0-வில் இந்த அனுமதி சாதனம் முழுக்கவும் சேர்த்துத்தான். மவுஸ் பாதிக்கு இல்லை, கீபோர்டு பாதிக்கு உண்டு என்று பிரிக்க முடியாது. நீங்கள் மவுஸ் டிக்கை எடுத்தீர்கள், கீபோர்டு டிக் இருப்பதால் ரிசீவருக்கு அனுமதி அப்படியே இருக்கிறது. மேசை லேசாக அதிர்ந்து மவுஸ் ஒரு மயிரிழை நகர்ந்தால்கூட ரிசீவர் சிக்னல் கொடுத்துவிடும்.

ரிசீவரைப் பிடுங்கிவிட்டு அதே பட்டியலை மறுபடி எடுங்கள். எந்தக் கீபோர்டு காணாமல் போகிறதோ அதுதான் ரிசீவருடையது. திரும்பச் செருகி, அதன் டிக்கை மட்டும் எடுங்கள். வயர் கீபோர்டைத் தொட வேண்டாம், காலையில் எழுப்ப அது வேண்டும்.

கயல்:
சரியாகச் சொன்னீர்கள், பிடுங்கியதும் ஒன்று மறைந்துவிட்டது. டிக்கை எடுத்து இரண்டு ராத்திரி நிம்மதி. ஆனால் இன்று விடியற்காலை 4 மணிக்கு மறுபடி எழுந்துவிட்டது. லாஸ்ட்வேக்கில் இந்த முறை ஈதர்நெட் கார்டு.

செந்தூரன்:
இது வேறு ஆள். நெட்வொர்க் வழியாக எழுப்ப மேஜிக் பாக்கெட் என்று ஒன்று உண்டு: எஃப்எஃப் என்ற மதிப்புள்ள 6 பைட், அதன் பின்னால் உங்கள் கார்டுக்கே உரிய 6 பைட் அடையாள எண்ணான மேக் முகவரி 16 முறை, மொத்தம் 102 பைட். இது தற்செயலாக வருவது அரிது. ஆனால் பல கார்டுகள் மேஜிக் பாக்கெட்டுக்கு மட்டுமல்ல, விண்டோஸ் கொடுத்துவைத்த வேறு சில பாக்கெட் வடிவங்களுக்கும் எழுந்துகொள்ளும். அதே பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மேஜிக் பாக்கெட் மட்டும் எழுப்பலாம் என்று ஒரு டிக் இருக்கும், அதைப் போடுங்கள். தூரத்திலிருந்து எழுப்பும் தேவையே இல்லை என்றால் அனுமதியை முழுக்க எடுத்துவிடுவது நல்லது.

இளம்பரிதி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், லினக்ஸில் இதை எங்கே பார்ப்பது?

முகில்:
பிராக் டைரக்டரிக்குள் ஏசிபிஐ, அதற்குள் வேக்கப் என்ற ஃபைல். அதில் எக்ஸ்ஹெச்சி என்ற வரி யூஎஸ்பி கன்ட்ரோலருடையது. லினக்ஸின் அட்மினிஸ்ட்ரேட்டரான ரூட் அனுமதியுடன் அதை டிசேபிள்ட் ஆக்கினால் அந்த கன்ட்ரோலரில் உள்ள யூஎஸ்பி எல்லாமே அடங்கிவிடும், கீபோர்டும் சேர்த்து. பிறகு பவர் பட்டன்தான். அதனால் சிஸ் டைரக்டரியில் அந்தந்த யூஎஸ்பி சாதனத்தின் பவர் ஃபோல்டருக்குள் இருக்கும் வேக்கப் ஃபைலில் டிசேபிள்ட் என்று எழுதுங்கள். இரண்டுமே ரீபூட் செய்தால் போய்விடும், சாதனம் இணையும்போதெல்லாம் தானாக ஓடும் யூடெவ் ரூல் ஒன்று எழுதிவைத்தால் மாற்றம் நிலைத்து நிற்கும்.

கயல்:
நெட்வொர்க் அனுமதியை முழுக்க எடுத்துவிட்டேன். ஐந்து ராத்திரி ஆயிற்று, ஒருமுறைகூட எழவில்லை. குழந்தையும் நிம்மதியாகத் தூங்குகிறது. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் உடனே வருகிறது. முகில் அண்ணாவுக்கும் செந்தூரனுக்கும் மிகுந்த நன்றி.

முகில்:
சந்தோஷம். ரிசீவரை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் விண்டோஸ் அதைப் புதுச் சாதனமாக எடுத்துக்கொண்டு பழைய டிக்கைத் திரும்பப் போட்டுவிடலாம். மாற்றினால் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

கயல்:
சரி அண்ணா, அது பின்பக்கப் போர்ட்டிலேயே இருக்கட்டும்.