ஞாயிறு ஃபுட்பால், கிளாஸ்கோ கேத்கின் பார்க்

செல்வி: ஞாயிறு காலை பத்து மணி, கேத்கின் பார்க். உறுதிதானே?

இளங்கோ: உறுதி அக்கா. கிராஸ்ஹில் ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச நடைதான். பிள்ளைகளுக்கு மாற்றுத்துணி எடுத்து வாருங்கள், மழை பெய்தால் அங்கே ஒரே சேறு.

பிரபா: போன வாரம் அந்தப் பக்கம் போனேன். மரங்களுக்கு நடுவே படிப்படியாக மேலே ஏறுகிறது, இடையிடையே இரும்புக் கம்பி வேறு. அது என்ன?

ராகவன் மாமா: கேலரி தம்பி. நின்றுகொண்டே மேட்ச் பார்த்த இடம். பின்னால் இருப்பவர்கள் தள்ளினால் முன்னால் இருப்பவர்கள் நசுங்கிவிடக் கூடாதே, அதற்குத்தான் கம்பி. 1954இல் ரேஞ்சர்ஸ் டீம் ஆட வந்தபோது 45,455 பேர் அங்கே நின்றார்கள்.

பிரபா: அந்தப் பார்க்கிலா 😳

ராகவன் மாமா: ஒரு காலத்தில் அதற்குப் பெயரே ஹாம்ப்டன் பார்க். குயின்ஸ் பார்க் டீமின் இரண்டாவது ஹாம்ப்டன், 1884இல் திறந்தார்கள். 1903இல் இப்போதைய ஹாம்ப்டன் ஸ்டேடியத்துக்குக் குடிபோனபோது பெயரையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காலியான இடத்துக்குத் தேர்ட் லானார்க் டீம் வந்தது.

செல்வி: அப்படி ஒரு டீமா? கேள்விப்பட்டதே இல்லையே மாமா.

ராகவன் மாமா: 1967இல் மூடிவிட்டார்களே அம்மா, எப்படிக் கேள்விப்படுவாய்! 1872இல் லானார்க்‌ஷயர் தொண்டர் படை வீரர்கள் தொடங்கிய டீம். லீக் ஒரு தடவை, 1904இல். ஸ்காட்டிஷ் கோப்பை இரண்டு தடவை. அதில் 1889 ஃபைனல்தான் வேடிக்கை. கொட்டுகிற பனியில் செல்டிக் டீமை 3-0 என்று அடித்தார்கள். பனியில் ஆடிய ஆட்டம் கணக்கில் வராது என்று சொல்லி, அடுத்த வாரம் திரும்ப ஆட வைத்தார்கள். அதிலும் 2-1 ஜெயித்தார்கள். எல்லாம் இதே மைதானத்தில்தான், அது ஹாம்ப்டனாக இருந்தபோது.

இளங்கோ: பார்றா! பிறகு தங்களுக்கே சொந்தமாகப்போகும் இடத்தில்.

பிரபா: இவ்வளவு பெரிய டீம் எப்படி மாமா காணாமல் போகும்? தோற்றுத் தோற்றா?

ராகவன் மாமா: 1961இல் லீக்கில் மூன்றாவது இடம். 34 ஆட்டத்தில் 100 கோல்! நாலே வருஷத்தில், 1965இல், மொத்த சீசனுக்கும் 7 பாயின்ட் எடுத்துக் கீழ் டிவிஷனுக்கு இறங்கினார்கள். ஆட்டக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல ஆட்களை விற்றுக்கொண்டே இருந்தால் எந்த டீம் நிற்கும்? 1967 ஏப்ரலில் இங்கே கடைசி ஆட்டம், குயின் ஆஃப் த சவுத் டீமோடு 3-3. மூன்று நாள் கழித்து டம்பார்டனில் 5-1 தோல்வி, அதோடு சரி. கிளப் திவால். அரசின் வர்த்தக வாரியம் விசாரித்தபோது நிர்வாகத்தின் லட்சணம் வெளியே வந்தது.

செல்வி: அப்புறம் அந்த நிலத்தை எப்படி விட்டுவைத்தார்கள்? நம் ஊராக இருந்தால் இந்நேரம் அபார்ட்மென்ட்.

ராகவன் மாமா: இங்கேயும் வீடு கட்டத்தான் விற்றார்கள். கிளாஸ்கோ மாநகராட்சி அனுமதி தரவில்லை. அதனால் பார்க் ஆனது. உட்கார்ந்து பார்க்கும் ஸ்டாண்டு போய்விட்டது, மூன்று பக்கக் கேலரி மிச்சம். படி இடுக்கில் முளைத்த மரமெல்லாம் இப்போது நம்மைவிட உயரம்.

பிரபா: மூன்று ஹாம்ப்டன் ஆகிவிட்டதா அப்போ? முதலாவது எங்கே?

ராகவன் மாமா: அதுவும் பக்கத்தில்தான், இப்போது புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பௌலிங் கிளப். சுவரில் பெரிய ஓவியம் இருக்கும்: 1882இல் ஸ்காட்லாந்து இங்கிலாந்தை 5-1 வென்றது. ஆட்டம் முடிந்ததும் கூட்டிப்போகிறேன்.

செல்வி: மாமா, முதலில் ஆட்டத்துக்கு வந்து சேருங்கள், போன தடவை பதினொன்றரைக்கு வந்தீர்கள் 😄 சின்னவர்களை அந்தப் படியில் ஓட விடாதீர்கள், பாசி வழுக்கும்.

இளங்கோ: பந்துக்குக் காற்றடிக்கும் பம்ப் யாரிடம் இருக்கிறது?

பிரபா: என்னிடம். ஊசிதான் இல்லை.